வாழைக் கன்று பிரித்து நடுதல்

வாழைக் கன்று பிரித்து நடுதல் என்பது, வளர்ந்து நிலைபெற்ற வாழைக் குத்தின் நிலத்தடிக் கிழங்கிலிருந்து முளைக்கும் பக்கக் கன்றுகளைத் தாயினின்று வெட்டிப் பிரித்து, வேறிடத்தில் நட்டுப் புதிய குத்துகளை உருவாக்கும் பயிர்ப்பெருக்க முறை ஆகும். உண்ணப்படும் வாழை வகைகள் பெரும்பாலும் விதையற்றவை. ஆகவே கன்று பிரித்தலே நெடுங்காலமாக வாழைப் பயிரின் முதன்மையான பெருக்க முறையாக இருந்து வந்துள்ளது. திசு வளர்ப்புக் கன்றுகள் பரவிய பின்னரும் தமிழ்நாட்டில் பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லி, நேந்திரன் முதலிய வகைகளில் இம்முறை தொடர்ந்து கையாளப்படுகின்றது.

பிரித்து நடப்படும் கன்று மரபியல் அடிப்படையில் புதியதொரு செடி அன்று. தாய்ச் செடியின் தொடர்ச்சியே ஆகும். தாயின் தார் அளவும் சுவையும் மாறாமல் கன்றுக்கு வருவது போலவே, தாயின் கிழங்கில் உள்ள நோயும் புழுவும் அதனுடன் வந்து சேர்கின்றன. வாழையின் பெருநோய்கள் நாடு விட்டு நாடு சென்ற வரலாறு பெரிதும் கன்றுகளின் வரலாறாகவே உள்ளது. எனவே எந்தக் குத்திலிருந்து கன்று எடுப்பது என்பதும், எடுத்த கன்றை எவ்வாறு தூய்மை செய்வது என்பதும் நடும் முறையை விட முதன்மையானவை.

தாவரவியல் அடிப்படை

வாழை மரம் என்று வழக்கில் கூறப்பட்டாலும் வாழை ஒரு மரம் அன்று; பெரும் பூண்டு வகைத் தாவரம் ஆகும். நிலத்துக்கு மேல் தண்டு போலத் தோன்றுவது இலையுறைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி அமைந்த போலித்தண்டு ஆகும். உண்மையான தண்டு நிலத்துக்குள் கிழங்காக உள்ளது. இக்கிழங்கின் நுனி உரிய காலத்தில் பூங்கொத்தாக மாறிப் போலித்தண்டின் நடுவே மேலெழுந்து தாராக வெளிவருகின்றது. வாழைத்தண்டு என்று சமையலுக்குப் பயன்படுவது இந்தப் பூத்தண்டே.

ஒரு தண்டு ஒரு முறை மட்டுமே தார் விடும். அதன் பின் மடியும். ஆனால் கிழங்கின் பக்கங்களில் உள்ள கண்கள் முளைத்துக் கன்றுகளாக வளர்வதால் குத்து அழிவதில்லை. வாழையடி வாழை என்னும் தொடர் இவ்வியல்பிலிருந்தே தோன்றியது.

குத்து முதிர முதிர ஒரு மாற்றம் நிகழ்கின்றது. ஒவ்வொரு தலைமுறைக் கன்றும் முந்தையதை விடச் சற்று மேலாகவும் பக்கவாட்டிலும் முளைக்கின்றது. சில மறுதாம்புகளுக்குப் பின் கிழங்கு நிலத்தின் மேற்பரப்புக்கே வந்துவிடுகின்றது; வேர்கள் ஆழம் பெறாததால் காற்றில் குத்து அடியோடு சாயும். குத்தினுள் நெரிசல் மிகுந்து தார்களும் சிறுக்கின்றன. மண் அணைத்தல் இதனைச் சிறிது காலம் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. இந்நிலையை அடைந்த குத்தைத் தோண்டிக் கன்றுகளைப் பிரித்துப் புதுக்குழியில் நடுவதே வழக்கம். சமவெளித் தோட்டங்களில் நடவுப் பயிருக்குப் பின் ஓரிரு மறுதாம்புகளோடு வாழையை அழித்துவிடுகின்றனர். பழனி மலை, சிறுமலை போன்ற மலைப்பகுதிகளில் ஒரே குத்து பல ஆண்டுகள் விடப்படுகின்றது.

ஈட்டிக் கன்றும் நீர்க் கன்றும்

கன்றுகள் இரு வகைப்படும். ஈட்டிக் கன்று அல்லது ஈட்டி இலைக் கன்று என்பது தாய்க் கிழங்கின் ஆழமான பகுதியிலிருந்து முளைப்பது. அடிப்பகுதி பருத்தும் நுனி குறுகியும் இருக்கும். தொடக்கத்தில் இதன் இலைகள் ஈட்டி முனை போல ஒடுங்கியிருக்கும். இது தாயுடன் வலுவாக இணைந்து, அதனிடமிருந்து உணவைப் பெற்றுத் தன் கிழங்கில் சேமித்துக்கொள்கின்றது. நீர்க் கன்று அல்லது தண்ணீர்க் கன்று என்பது மேலோட்டமாக முளைப்பது. தாயுடன் இணைப்பு நலிந்திருப்பதால் தன் உணவைத் தானே தேடிக்கொள்ள வேண்டி இளமையிலேயே அகன்ற இலைகளை விடுகின்றது. இதன் கிழங்கு சிறியது.

பார்வைக்கு நீர்க் கன்றே செழிப்பாகத் தோன்றும். புதிதாக வாழை வைப்போர் அகன்ற பசுமையான இலைகளைக் கண்டு அதனைத் தெரிவு செய்வது இதனாலேயே. அதன் தார் சிறிதாக இருக்கும், காலமும் பிந்தும். நடவுக்கு உரியது ஈட்டிக் கன்றே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1.5 முதல் 2 கிலோகிராம் எடையுள்ள, நோயற்ற ஈட்டிக் கன்றுகளைப் பரிந்துரைக்கின்றது. கன்றின் உயரத்தை விடக் கிழங்கின் எடையே அளவுகோல் என்பது கருதத்தக்கது. ஒரு தோட்டத்தில் நடப்படும் கன்றுகள் ஏறத்தாழ ஒரே எடையில் இருந்தால் தார்களும் ஒரே காலத்தில் அறுவடைக்கு வரும். ஆகவே கன்றுகளைப் பெரியவை, நடுத்தரமானவை எனப் பிரித்துத் தனித்தனிப் பாத்திகளில் நடுவர்.

சேலம் - நாமக்கல் சமவெளியில்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையை ஒட்டிய பரமத்தி வேலூர், மோகனூர் பகுதிகள் வாழைக்குப் பெயர் பெற்றவை. ஆற்றிலிருந்து விலகியுள்ள சேலம் மாவட்டத்தின் ஆட்டையாம்பட்டி போன்ற ஊர்களில் நிலைமை வேறு. கைமுறுக்குக்கும் நெசவுக்கும் அறியப்பட்ட இப்பேரூராட்சியின் சுற்றுப்புறத்தில் வேளாண்மை பெரிதும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியது. மரவள்ளியை விட வாழைக்கு நீர்த்தேவை பன்மடங்கு என்பதால் நீர் வளம் உள்ள தோட்டங்களில் மட்டுமே வாழை தனிப்பயிராக வைக்கப்படுகின்றது. மற்றபடி வாய்க்கால் ஓரத்திலும், கிணற்று மேட்டிலும், வீட்டின் பின்புறம் பாத்திரம் கழுவிய நீர் பாயும் பொடக்காளியிலும் நிற்கும் சில குத்துகளே மிகுதி.

இத்தகைய வீட்டு வாழைக்குக் கன்று கடையில் வாங்கப்படுவதில்லை. உறவினர் வீட்டிலிருந்தோ பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ கேட்டுப் பெறப்படுகின்றது. நல்ல தார் விட்ட குத்தின் கன்றுக்கு ஓர் ஆண்டு முன்னரே சொல்லி வைப்பதும் உண்டு. நூறு கன்றுகளை விலைக்கு வாங்கும் உழவர் ஆராய்ந்து வாங்குவார். அன்பளிப்பாக வரும் ஒரு கன்றை யாரும் ஆராய்வதில்லை. முடிக்கொத்து நோய் போன்றவை ஊருக்குள் நுழைய இந்த ஒரு கன்று போதும்.

தோட்டக்கால் நிலங்களுக்கு சனவரி - பிப்ரவரி, நவம்பர் - டிசம்பர் ஆகியவை நடவுக் காலங்களாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. காற்றும் இங்கு ஒரு கணக்கு. சித்திரை, வைகாசிக் கோடை மழையுடன் வரும் சூறைக்காற்றில் தார் விட்ட வாழைகள் ஒரே மாலையில் ஏக்கர் கணக்கில் முறிவது இம்மாவட்டங்களில் அவ்வப்போது நேர்வதாகும். மேலெழுந்த கிழங்குடைய பழைய குத்துகளே முதலில் சாய்கின்றன.

பெயர்த்தெடுத்தல்

கன்று எடுக்கும் குத்தை அது தார் விட்டிருக்கும்போதே தெரிவு செய்து அடையாளமிடுதல் நன்று. தாரின் அளவு, சீப்புகளின் எண்ணிக்கை, இலைகளின் நலம் ஆகியவற்றை நேரில் காண வேறு வாய்ப்பு இல்லை. அறுவடை முடிந்த பின் எஞ்சி நிற்பது வெறும் கட்டையே. அதன் தகுதியைப் பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியதாகும்.

முந்திய நாள் நீர் பாய்ச்சிய நிலத்தில் கன்றைச் சுற்றி மண்வெட்டியால் மண்ணை விலக்கித் தாய்க்கும் கன்றுக்கும் இடையிலுள்ள கழுத்துப் பகுதியைக் கண்ணால் காணும்படி செய்ய வேண்டும். பின்னர் கூரிய கடப்பாரையை அவ்விணைப்பில் செங்குத்தாக இறக்கி ஒரே வெட்டில் பிரித்து, கன்றை அதன் கிழங்குடன் நெம்பி எடுப்பர். மண்ணை விலக்காமல் போலித்தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கு தாயிடமே தங்கிவிடும், அல்லது பிளந்துவிடும். காயம்பட்ட தாய்ப் பகுதியை உடனே மண் இட்டு மூட வேண்டும். கூன்வண்டு முட்டையிட நாடுவது இத்தகைய புதுக் காயங்களையே. தார் சுமக்கும் தாயிடமிருந்து ஒரே நேரத்தில் பல கன்றுகளைப் பெயர்த்தால் அதன் வேர்கள் அறுபட்டுத் தார் இளைக்கும். தாயே சாயவும் கூடும்.

மறுதாம்புக்காக ஒரு கன்றைத் தாயுடன் விட்டுவைப்பர். ஏனைய கன்றுகள் நடவுக்குத் தேவையில்லை எனில் மாதம் ஒருமுறை நில மட்டத்தில் வெட்டி நீக்கப்படுகின்றன. வெட்டிய சில நாட்களிலேயே நடுக்குருத்து மீண்டும் எழுவதைக் காணலாம். வளர்நுனி கிழங்கில் இருப்பதே காரணம். ஆதலால் குருத்தின் அடியைக் கடப்பாரை முனையால் குத்திச் சிதைப்பதும் வழக்கில் உள்ளது.

சீவுதலும் தூய்மை செய்தலும்

பெயர்த்த கன்றின் வேர்கள் முழுவதும் நீக்கப்படுகின்றன. இது முதன்முறை காண்பவருக்கு வியப்பளிக்கும். பழைய வேர்கள் மீண்டும் வளர்வதில்லை. புது வேர்கள் கிழங்கிலிருந்தே தோன்றுகின்றன. பழைய வேர்களில் நூற்புழுக்கள் தங்கியிருக்கும் என்பதால் அவற்றை வைத்திருப்பதில் கேடே உண்டு. பின்னர் கொடுவாளால் கிழங்கின் மேற்புறம் மெல்லியதாகச் சீவப்படுகின்றது. போலித்தண்டு கிழங்கிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டப்படுகின்றது.

சீவிய கிழங்கு தன் நிலையைத் தானே தெரிவிக்கும். நலமான கிழங்கின் உட்பகுதி வெண்மையாக இருக்கும். கருத்த சுரங்கங்கள் காணப்பட்டால் கிழங்குக் கூன்வண்டின் புழு துளைத்துள்ளது என அறியலாம். சுரங்கம் ஆழமாகச் செல்லுமானால் கன்றைக் கழித்துவிட வேண்டும். செந்நிற அல்லது பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் அது வாடல் நோயின் குறி. அத்தகைய கன்று எவ்வளவு மருந்தில் நனைத்தாலும் நடத்தக்கதன்று. அதன் குத்திலிருந்து வேறு கன்றும் எடுத்தலாகாது. சீவிய கொடுவாளையும் கழுவியே அடுத்த கன்றுக்குப் பயன்படுத்த வேண்டும்.

வாடல் நோய்க்கு எளிதில் ஆட்படும் ரஸ்தாளி, மொந்தன் போன்ற வகைகளின் கன்றுகளை 0.1 விழுக்காடு கார்பன்டாசிம் கரைசலில் ஐந்து நிமிடம் நனைத்து நடுதல் பல்கலைக்கழகப் பரிந்துரை ஆகும். நூற்புழுவுக்கு எதிராக, கிழங்கைக் களிமண் குழம்பில் தோய்த்து அதன் மீது கார்போபியூரான் குருணையைத் தூவும் முறை நெடுங்காலம் கையாளப்பட்டது. நச்சுத்தன்மை மிகுந்த இம்மருந்தின் பயன்பாட்டுக்கு இந்திய அரசு 2023 இல் கட்டுப்பாடுகள் விதித்துள்ளது. குழிகளைச் சுற்றிச் சணப்பை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும், செண்டுமல்லியை ஊடுபயிராக இடுவதும் நூற்புழுக்களைக் குறைக்கும்.

மருந்தின்றி வெப்பத்தால் தூய்மை செய்யும் முறையும் உண்டு. சீவிய கிழங்குகளைச் சுமார் 55 பாகை செல்சியசு வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் நூற்புழுக்களும் கூன்வண்டின் முட்டைகளும் அழியும். வெப்பம் ஏறினால் கண்களும் வெந்துவிடும், குறைந்தால் பயனில்லை. வெப்பமானி இல்லாத சிறு உழவர்களுக்காக, நைசீரியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் சீவிய கன்றைக் கொதிக்கும் நீரில் 30 விநாடி மட்டும் அமிழ்த்தும் எளிய முறையைப் பரப்பியது. இதற்கு ஒரு பெரிய அண்டாவும் விறகும் போதும்.

தூய்மை செய்த கன்றுகளைப் பழைய வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் இரவு முழுவதும் குவித்து வைப்பது செய்த வேலையை வீணாக்குவதாகும். சீவிய கிழங்கின் மணம் கூன்வண்டுகளை ஈர்க்கின்றது. இரவில் நடமாடும் இவ்வண்டுகள் விடிவதற்குள் முட்டையிட்டுவிடும்.

நடுதல்

குழியின் அளவு பொதுவாக நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் ஆகும். மேல்மண்ணையும் தொழு உரத்தையும் கலந்து இட்டு, கிழங்கு முழுவதும் மண்ணுக்குள் இருக்குமாறு கன்றை நிறுத்திச் சுற்றிலும் காலால் மிதித்து இறுக்குவர். கிழங்கைச் சுற்றி வெற்றிடம் இருந்தால் நீர் தேங்கி அழுகல் உண்டாகும். இடைவெளி வகைக்கு ஏற்ப மாறும்: தோட்டக்காலில் ரொபஸ்டா, நேந்திரன் ஆகியவற்றுக்கு 1.8 மீட்டர், அதன்படி எக்டேருக்கு 3,086 கன்றுகள். நன்செய்யில் பூவன், மொந்தன், ரஸ்தாளிக்கு 2.1 மீட்டர். வீட்டு வாழைக்கு இக்கணக்கு பொருந்தாது எனினும், சுவரை ஒட்டி வைப்பதைத் தவிர்க்க வேண்டும். குத்து ஆண்டுதோறும் நகரும் இயல்புடையது.

கன்றுடன் வந்த நோய்கள்

முடிக்கொத்து நோய் ஒரு நச்சுயிரியால் உண்டாகின்றது. இதனை வாழை அசுவினி ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் பரப்புகின்றது. நோயுற்ற செடியின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் குவியும்; இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும்; தார் வருவதில்லை, வந்தாலும் பயன்படாது. அசுவினி அருகிலுள்ள தோட்டங்களுக்கு மட்டுமே நோயைக் கொண்டுசெல்ல வல்லது. கடல் கடந்து கொண்டுசென்றவர்கள் கன்றைக் கொண்டுசென்ற மனிதர்களே. 1889 இல் பிஜித் தீவுகளில் பதிவான இந்நோய், 1913 இல் ஆத்திரேலியாவிலும் இலங்கையிலும் அறியப்பட்டது. 1940 அளவில் கேரளத்தின் கோட்டயம் பகுதியில் தோன்றியது. இலங்கையிலிருந்து வந்த கன்றுகளே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது.

ஆத்திரேலியாவில் 1920களில் நியூ சவுத் வேல்சு, குயின்சுலாந்து எல்லைப் பகுதியின் வாழைத் தொழில் இந்நோயால் ஏறத்தாழ முற்றிலும் வீழ்ந்தது. மாகி என்னும் ஆய்வாளர் நோய் அசுவினியாலும் கன்றுகளாலும் பரவுவதை நிறுவிய பின், நோயுற்ற குத்துகளை அழித்தலும், உரிமம் இன்றிக் கன்று நடுவதைத் தடை செய்தலும் சட்டமாயின. மருந்து ஏதும் இன்றி, கன்றின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியே அத்தொழில் மீண்டது. இந்தியாவில் 1914 ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் சட்டத்தின் கீழ் உள்நாட்டுத் தொற்றுத்தடைக்கு உட்பட்ட நோய்களுள் முடிக்கொத்து நோயும் சேர்க்கப்பட்டது. எனினும் பேருந்தின் மேற்கூரையில் சாக்குப் பையில் செல்லும் கன்றை எந்தச் சட்டம் தடுக்கும் என்பது வேறு.

தமிழ்நாட்டில் இந்நோயின் பெரும் இழப்பு கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழைக்கு நேர்ந்தது. பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு உகந்ததாகக் கருதப்படும் இவ்வகை, பல ஆண்டுகள் ஒரே குத்தாக விடப்பட்டதாலும் மலைத்தோட்டங்களுக்குள் கன்றுகள் கைமாறியதாலும் முடிக்கொத்து நோய்க்குப் பெருமளவில் இரையாகி, பரப்பு மிகவும் சுருங்கியது. பின்னர் வளர்நுனித் திசுவிலிருந்து வளர்த்து, நச்சுயிரி இல்லை எனச் சோதித்தறிந்த கன்றுகளைக் கொண்டு மீட்பு முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. விருப்பாச்சி மலை வாழையும் சிறுமலை வாழையும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

பனாமா வாடல் நோய் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் உண்டாகின்றது. 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடு அமெரிக்காவின் ஏற்றுமதி வகையான குரோ மிசெல் வாழையைத் தோட்டம் தோட்டமாக அழித்தது இதுவே. தமிழ்நாட்டில் ரஸ்தாளி இதற்கு மிகவும் ஆட்படுவது. பூவன் பெருமளவு தாங்குவது. மண்ணில் புகுந்த பூஞ்சை பல பத்தாண்டுகள் உயிருடன் இருக்கும் என்பதால், ஒரு நோய்க் கன்றை நட்ட குழி அடுத்த தலைமுறைக்கும் ரஸ்தாளிக்கு உதவாது. கேவண்டிசு வகைகளையும் தாக்கும் வெப்பமண்டல இனம் 4 என்னும் வடிவம் இந்தியாவில் பீகார், உத்தரப் பிரதேச மாநிலங்களில் கண்டறியப்பட்டுள்ளது.

திசு வளர்ப்பும் கிழங்குத் துண்டுகளும்

திசு வளர்ப்புக் கன்றுகள் நூற்புழு, கூன்வண்டு, வாடல் நோய்ப் பூஞ்சை ஆகியவை இல்லாமல் கிடைக்கின்றன. ஆயினும் தாய்த் திசுவில் நச்சுயிரி இருந்தால் ஆய்வுக்கூடம் அதனையும் ஆயிரக்கணக்கில் பெருக்கித் தரும். இதனைத் தடுக்க, இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை 2006 இல் ஏற்படுத்தியது. சான்று பெற்ற நிறுவனத்தின் கன்றா என்று வாங்குவோர் கேட்டறிதல் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது கிழங்கைப் பிரித்துப் பெருக்கும் முறை. பெரிய கிழங்குகளைக் கண்ணுக்கு ஒரு துண்டாக வெட்டி நடுவது பழைய வழக்கம். இதன் வளர்ந்த வடிவில், தூய்மை செய்த கிழங்கின் வளர்நுனி அகற்றப்பட்டு, மேற்புறம் குறுக்காகக் கீறப்பட்டு, மரத்தூள் படுக்கையில் நிழலில் வைக்கப்படுகின்றது. உறங்கும் கண்கள் விழித்து ஒரு கிழங்கிலிருந்து சில மாதங்களில் பல கன்றுகள் கிடைக்கின்றன. திருச்சிராப்பள்ளியில் 1993 இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இம்முறையில் பயிற்சி அளித்து வந்துள்ளது. திசு வளர்ப்பில் கிடைக்காத உள்ளூர் வகைகளைக் காப்பதற்கு இது பொருத்தமானது.

பிற பயிர்களில்

நிலைபெற்ற குத்தைப் பிரித்து நடுதல் வாழைக்கு மட்டும் உரியதன்று. கம்பு நேப்பியர் தீவனப்புல்லின் வேர்க்கரணைகளும், வெட்டிவேர்த் தூர்களும், சம்பங்கிக் கிழங்குகளும் இவ்வாறே பிரிக்கப்படுகின்றன. குளிர்நாடுகளில் இலைக்காம்புக்காக வளர்க்கப்படும் ரூபார்ப் செடியின் வேர்முடியையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அது உறங்கும் பருவத்தில், துண்டுக்கு ஒரு மொட்டாவது இருக்குமாறு மண்வெட்டியால் பிளந்து நடுவர். வாழையைப் போலவே அதிலும் நச்சுயிரி துண்டுகளுடன் செல்வதால் நோயுற்ற குத்தைப் பிரிப்பதில்லை.

ஆட்டையாம்பட்டிச் சுற்றுப்புற உழவர்களுக்கு இவ்விதி மரவள்ளியில் நன்கு பழகியது. சவ்வரிசி ஆலைகளுக்காக இங்கு பயிரிடப்படும் மரவள்ளியைத் தாக்கும் தேமல் நோய், நடவுக்கு வெட்டப்படும் குச்சிகள் வழியாகவே ஆண்டுதோறும் தொடர்கின்றது. இலை சுருங்கி மஞ்சள் படர்ந்த செடியை வளரும் பருவத்திலேயே அடையாளமிட்டு, அதன் குச்சியை விதைக்கு ஒதுக்காமல் விடுவர். இலை உதிர்ந்து குச்சிகள் கட்டாகக் கட்டப்பட்ட பின் நோய்க்குச்சி எது, நற்குச்சி எது எனப் பிரித்தறிய இயலாது.